கருவாயனின் தாகம்

சாமைக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சென்னம்மாளுக்குப் பின்னால் கருவாயன் தும்மியது. ஒரு தும்மலோடு நிற்கவில்லை. தலையை உலுக்கி உலுக்கி, மூச்சு விடாமல் தும்மியது. என்னமோ ஏதோ என்று திரும்பியவள், நாயின் முன்னங்கால்கள் ரத்தமாக இருப்பதைக் கண்டு ஓடிவந்தாள். காலில் காயம் எதுவும் இல்லை. ரத்தம் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மலைமேல் இருந்த அரியூர் நாட்டில் கருவாயனைத் தெரியாத ஆள் குறைவு. உடம்பெல்லாம் செம்பட்டை, மூஞ்சி மட்டும் அடுப்புக்குள் விட்டு எடுத்தது மாதிரி கறுப்பு. காட்டுப்பன்றிக் காவலுக்கென்று அவள் புருஷன் காளியண்ணன் குட்டியாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது. பன்றியைக் கண்டால் நன்றாகக் குரைக்கும். துரத்துவது மட்டும் கிடையாது. ஒரே மகள் பாவாயியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் போன சென்னம்மாள், கருவாயனோடுதான் பேசுவாள். விறகு ஈரமாக இருப்பதையும் புருஷன் சொன்ன சொல் கேட்காததையும் அதனிடம் சொல்லி முடித்தால்தான் அவளுக்குச் சமையல் ஓடும்.

பச்சிலை பிழிந்து மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அது தும்மி அவள் முகத்திலேயே தெளித்ததோடு சரி. நாளுக்கு நாள் நாய் இளைத்தது. ஒருநாள் எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு கையில் தடியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க காளியண்ணா, இது வெறிநாயாட்டம் இருக்குது. குஞ்சு குளுவான் ஓடியாடற எடம். அடிச்சுப் போட்டுருங்க. உங்களுக்கு மனசு வரலீன்னா நான் பாத்துக்கறேன்."

சென்னம்மாள் உள்ளே போய், ஒரு சட்டியில் தண்ணீர் மொண்டு வந்து கருவாயன் முன்னால் வைத்தாள். அது சளப் சளப்பென்று குடித்தது.

"வெறிநாயி இப்பிடித் தண்ணி குடிக்குமுங்களா? நல்லாப் பாத்துக்கங்க. பாத்துட்டு உங்க சோலியப் பாக்கப் போங்க."

மறுநாள் விடிந்ததும் இருவரும் நாயைக் கூட்டிக்கொண்டு செம்மேட்டுக்கு நடந்தார்கள். அங்கே மாட்டாஸ்பத்திரி திறந்து முதல் மழைக்காலம் அது. டாக்டர் அர்த்தனாரி ராசிபுரத்துக்காரர். மருந்துப் பெட்டிகளை அடிவாரத்துக் காரவள்ளியில் மட்டக்குதிரைமேல் ஏற்றிவிட்டு, பின்னாலேயே மலையேறி வந்தவர். வாசலில் மாடுகளும் கன்றுகளும் நின்றன. ஒருவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாயோடு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். சென்னம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவாயன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ரத்தம் ரெண்டு பக்கமும் வருதுங்களாம்மா?"

"ஒரு பக்கந்தானுங்க சாமி."

"தண்ணி எங்க குடிக்குது?"

"காட்டோரம் ஒரு குட்டை இருக்குதுங்க. அதுலதான்."

அவர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, வெயிலை நாயின் மூக்குக்குள் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "உள்ள ஒரு ஆளு குடித்தனம் நடத்தறானுங்க" என்றார். "அட்டை. குட்டையில நூலாட்டம் இருந்திருப்பான். இது தண்ணி குடிக்கறப்ப ஏறிக்கிட்டான். இப்ப ரத்தம் குடிச்சுக் கொழுத்துட்டான். இடுக்கியக் கொண்டுபோனா உள்ள ஓடிப்போறான்."

அவனை வெளியே வரவழைக்க ஒரே வழிதான் என்றார். மறுநாள் காலை வரை நாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கூழும் கூடாது, மோரும் கூடாது. மூக்கு உலர்ந்து போனால் அட்டைக்கும் தாகம் எடுக்கும். அப்போது தண்ணீரைக் கிட்டே காட்டினால் தானாகத் தலையை நீட்டும்.

"அதுவரைக்கும் நாயி தாங்குங்களா?" என்றாள் சென்னம்மாள்.

"அது தாங்கிக்குமுங்க. நீங்க தாங்கினாப் போதும்."

அன்று சாயங்காலம் கருவாயனைத் தூணில் கட்டினார்கள். அது குடத்தைப் பார்த்தது. பிறகு சென்னம்மாளைப் பார்த்தது. அவள் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது ஈரக் கையை நக்கியது. "நான் என்ன கண்ணு பண்ணுவேன்? டாக்டரு சொல்லிப்புட்டாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். விடிகாலையில் காளியண்ணன் மாட்டை மாற்றிக் கட்டப் போன நேரம், அவளையறியாமல் கை குடத்துக்குள் போயிற்று. ஒரு கைத் தண்ணீர்தான். அது குடித்த வேகத்தைப் பார்த்ததும் மறுபடி ஒரு கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டித் தண்ணீரை மூக்கடியில் வைத்துக் காத்திருந்தார். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. நாயின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"தண்ணி குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் காளியண்ணன் உடனே.

சென்னம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "நான்தானுங்க. விடியக் காலம்... ரெண்டே கை."

"ரெண்டு கைத் தண்ணிக்கு இவ்வளவு தெம்பா இருக்காதுங்களே" என்றார் டாக்டர்.

காளியண்ணன் கனைத்தார். "ராத்திரி நீ தூங்குனப்புறம் கொஞ்சம் கஞ்சித்தண்ணி ஊத்துனேன். பாவமா இருந்துச்சு."

"அட, இந்தாளப் பாருங்க! கேட்டதும் இல்லீங்கறாரே!"

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். அன்றும் சேவலோடு வந்திருந்தவர் சேர்ந்து சிரித்தார். "புருஷனும் பொஞ்சாதியும் சேந்து அட்டைக்கு விருந்து வெச்சிருக்கீங்க. நாயி இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். நீங்க ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க."

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சந்தைத் திடலில் இருந்த பலாமரம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கருவாயன் ஊளையிடுவது அதுவரை கேட்டது. பொழுது சாய்ந்ததும் தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையில் முடங்கினார்கள். காளியண்ணன் வாங்கிவந்த கடலையை அவள் தொடவே இல்லை. பொழுது விடியும் முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

உள்ளே டாக்டர் நாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கண்டதும் அது துள்ளியது. அவர் சட்டியை நகர்த்தினால் உறுமியது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கம்மா. எங்கிட்ட நிக்க மாட்டேங்குது. நீங்க சட்டியப் புடிங்க. மூக்குல தண்ணி படோணும், வாயில படக்கூடாது. முடியுங்களா?"

அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கருவாயன் அவளைக் கண்டதும் வாலை ஆட்டிச் சட்டியை நோக்கிக் குனிந்தது. அவள் ஒரு கையால் அதன் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். "இரு சாமி. இன்னங் கொஞ்சம் இரு. எங்கண்ணுல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாய் நடுங்கியது, ஆனால் அவளை மீறி முண்டவில்லை. அது அப்படித் தன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் வழிந்து சட்டியில் விழுந்தது. காளியண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூக்குத் துவாரத்தில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. கொஞ்சம் நீண்டு தண்ணீரைத் தொட்டது. டாக்டரின் இடுக்கி பாய்ந்தது, வழுக்கிவிட்டது. கறுப்பு உள்ளே போய் ஒளிந்தது.

"போச்சுங்களா?" என்றாள் சென்னம்மாள்.

"அசையாதீங்க. மறுபடி வரும்."

வந்தது. இந்தமுறை டாக்டர் அவசரப்படவில்லை. நன்றாக நீளும்வரை விட்டு, இடுக்கியால் கவ்வி, நிதானமாக இழுத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் அட்டை வெளியே வந்து தொங்கியது. கருவாயன் பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"இப்பக் குடுங்கம்மா. மொதல்ல கொஞ்சமா."

அது குடித்தது. சட்டியை நக்கித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டது. சென்னம்மாள் அதன் கறுத்த மூஞ்சியைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சேலையில் ரத்தக்கறை பட்டதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மழைக்காலம் முடியறவரைக்கும் குட்டையில, ஓடையில வாய் வெக்க விடாதீங்க. கௌம்பறப்பவே ஊட்டுல வயிறு முட்டக் குடுத்துருங்க. ஈரல் கெடைச்சாப் போடுங்க, போன ரத்தம் ஊறும்."

திரும்பும் வழியில் ஓடை குறுக்கிட்டது. தண்ணீர் சலசலவென்று ஓடுவதைக் கேட்டதும் கருவாயன் காதை விடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தது.

"ஏனுங்க, புடிங்க! இன்னொரு தடவ என்னால ஆவாது!" என்று கத்தினாள் சென்னம்மாள்.

காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினார். மிளகு மூட்டையோடு எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோளில் கிடந்த கருவாயன், தண்ணீரை விட்டுவிட்டு, அவருடைய காதை நக்க ஆரம்பித்தது.

"அடச்சீ, சும்மா இரு!" என்றார் காளியண்ணன். ஆனால் அக்கரை ஏறிய பிறகும் அதைக் கீழே இறக்கவில்லை.