மூன்றாவது பெட்டி

கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் அவளுக்குப் பகீரென்றது. உள்ளே இரண்டு கருவிப் பெட்டிகள்தான் இருந்தன.

ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கி அனுப்புவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'ஜெபக்காரம்மா'. அதில் கேலி பாதி, மரியாதை பாதி. சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு ஒருநாளும் தவறியதில்லை. நேரத்தோடு கிளம்புவதற்காக ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தாள்: கடைசியில் ஒட்டவேண்டிய 'கிருமி நீக்கப்பட்டது' சீட்டை முதலிலேயே ஒட்டிவிடுவாள். ஆண்டவர் காரியத்துக்குத்தானே!

இன்று மூன்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, இரண்டை உள்ளே வைத்தபோது போன் வந்தது. பேசிக்கொண்டே கதவைச் சாத்தி இயந்திரத்தை ஓடவிட்டாள். மூன்றாவது பெட்டி மேஜையிலேயே நின்றுவிட்டது. இப்போது மேஜை காலி.

"அதுவா? மேல ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போயாச்சே," என்றாள் கூட வேலை பார்ப்பவள். விஷயம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் திறக்காதீங்கக்கா, வேலை போயிடும். கழுவின கருவிதானே! அந்தப் பேஷன்ட்டுக்காக ஒரு ஜெபத்தைப் போடுங்க."

மாடிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினாள். "ஆண்டவரே, அந்த உயிரைக் காப்பாத்தும்..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஓடவேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவரை மாடிக்கு அனுப்பப் பார்க்கிறாளே! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமென் சொல்லாமலே எழுந்து ஓடினாள்.

மூன்று மாடி. லிப்ட்டுக்கு நிற்கவில்லை. ஆபரேஷன் அறைக்குள்ளே நர்ஸ் பெட்டியின் மூடியில் கை வைத்திருந்தாள்.

"திறக்காதீங்க! அதை மெஷின்ல வைக்கவே இல்ல. சீட்டு நான் ஒட்டின பொய்!"

வேறு பெட்டி வந்தது. மேற்பார்வையாளரும் வந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

'இன்னிக்கு மட்டும்தான்' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்கினாள்.

"ரொம்ப நாளா, மேடம்."

"விசாரணை முடியறவரைக்கும் வேலைக்கு வராதீங்க."

கீழே வந்து, மறுநாளைய பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"இப்படி வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே அக்கா! கூட்டத்துக்கும் லேட்டாயிடுச்சு," என்று அங்கலாய்த்தாள் கூட வேலை பார்ப்பவள்.

"இத்தனை வருஷம் கூட்டத்துக்குப் போனதத்தான் இயேசுவைப் பின்பற்றுறதுன்னு நெனச்சேன்," என்றாள் ஜெபக்காரம்மா. "செய்யற வேலையில பொய்ய ஒட்டிட்டு அங்க போய் முழங்கால் போட்டா, அது ஜெபமில்லம்மா, சாக்கு. இன்னிக்குத்தான் அவர் பின்னால மூணு மாடி ஏறியிருக்கேன்."