மடிக்காமல் வெட்டிய தாள்

தையல்காரி கத்திரியை எடுத்தால் துணி தானே வழிவிடும் என்று தெருவில் சொல்வார்கள். ஒரு கல்யாணப்பெண்ணுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தே அளவெடுத்தாள். சட்டை பொருந்தியது, மாப்பிள்ளைதான் பொருந்தவில்லை. இதில் பொய் கலந்திருந்தால் பாதிக்கு மேல் இருக்காது.

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து, மருந்தெல்லாம் முடிந்து டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஊருக்கெல்லாம் பிடித்துத் தைத்தவள் தனக்கு மட்டும் கூடாரம் மாதிரி ஓர் அங்கியைத் தைத்துக்கொண்டாள். லாரி ஓட்டும் புருஷனை, குறட்டை என்று பழிபோட்டு வெளி அறைக்கு அனுப்பினாள். அந்தக் குறட்டைக்கு எதிர்வீட்டு நாய் இரண்டு முறை வீடு மாறியது உண்மைதான். ஆனால் அவள் அத்தனை வருஷமும் அதைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியவள். தழும்பை அவர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவளே பார்த்ததில்லை. குளிக்கும்போதும் கண் கூரையில்தான் இருக்கும்.

நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மருத்துவமனை மாடியில் வாராவாரம் ஓவிய வகுப்பு. அன்று ஆள் உயரத் தாளைக் கொடுத்து, அவரவர் உடம்பை வரைந்து வண்ணம் பூசச் சொன்னாள் வகுப்பெடுக்கும் பெண். தையல்காரிக்குப் பென்சில் எதற்கு? துணியை மடிப்பதுபோலத் தாளை நெடுக்கில் மடித்தாள், ஒரே வெட்டு. பிரித்துப் போட்டால் தோளும் மார்பும் இடுப்பும் இரண்டு பக்கமும் நூல் பிசகவில்லை.

பக்கத்தில் சிவப்பை அப்பிக்கொண்டிருந்த பஸ் கண்டக்டரம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அதே அறுவை சிகிச்சைதான்.

"ஏன்க்கா, டாக்டர் எடுத்ததை நீங்க திருப்பி வச்சுட்டீங்களா?"

கூடமே சிரித்தது. தையல்காரியும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே பிடிபடவில்லை. மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே வரும், கைப்பழக்கம். கண்டக்டரம்மா சிவப்புக் கையோடு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வேறு தாள் எடுத்தாள். இந்த முறை மடிக்கவில்லை. வலப்பக்கம் சரசரவென்று வந்தது. இடப்பக்கத்தில் கத்திரி நின்றுவிட்டது. ஊரார் அளவெல்லாம் மனப்பாடம். இந்த அளவு மட்டும் தெரியாது. பாதி வெட்டிய தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எப்பேர்ப்பட்ட தையல்காரியானாலும் தன்னைத் தானே சரியாக அளவெடுக்க முடியாது. டேப்பைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

"கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள், வெளி அறையில் படுத்திருந்த புருஷனிடம்.

"முழிச்சுட்டுத்தானே இருக்கேன்? குறட்டை விடலையே."

"அளவெடுக்கணும். எனக்கு."

கதவைச் சாத்திவிட்டு அங்கியைக் கழற்றினாள். பிரேக் போன லாரியை மலைப்பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே இறக்கியவர், டேப்பின் நுனியை இரண்டு முறை தவறவிட்டார். டேப்பை மெல்ல, காகிதம் கசங்கிவிடும் என்பதுபோல, தழும்பின்மேல் வைத்தார். அவளும் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவுங்க?"

"தெரியலடி. கண்ணு மங்குது."

"டேப்பைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க," என்றாள். "இன்னொரு தடவை எடுங்க. அவசரமில்ல."