ஒரே தார்ப்பாயில் கிடந்த கொட்டை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டும். ஒரு சிற்றிதழ் கேட்டிருந்தது: சில நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்கள், உலகம் முழுவதற்குமான தடையற்ற வணிகத்துக்குப் படியா, சுவரா? ஒரு வாக்கியம் எழுதினேன்.

'சில நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொள்ளும்போது, வெளியே நிற்கும் நாடுகள்'

அதற்கு மேல் ஓடவில்லை. பிறகொரு நாள் ஆதனக்கோட்டையில் முந்திரி வாங்க நின்றேன். கடைக்காரப் பெண் போனில் யாரிடமோ, "மழையில சேத்து அள்ளிட்டாங்க, இப்ப எது நம்மூருதுன்னு எப்படிச் சொல்ல?" என்றார். முந்திரி வாங்காமலே வீடு திரும்பினேன்.

2

என் கதையில் வருபவளுக்குப் பரிமளா என்று பெயர் வைத்தேன். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் சிறிய ஷெட் அவளுடையது. முதல் ஏற்றுமதி. வாங்கும் நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் உண்டு. (எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் கட்டுரையாகிவிடும்.) கொட்டை இந்த நாட்டில் விளைந்திருந்தால் அங்கே வரி கிடையாது. வேறு நாட்டில் விளைந்ததை இங்கே உடைத்து அனுப்பினால் வரி உண்டு. வரி உண்டென்றால் வாங்குபவர் வேண்டாம் என்பார். ஷெட்டை மூட வேண்டியதுதான். எல்லாம் இங்கே விளைந்தது என்று பரிமளா கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்து ஷெட் மருதாயியுடையது. அவர் உடைப்பது தூத்துக்குடியில் வந்து இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டை. காயவைக்க இருவருக்கும் ஒரே களம், ஊர்ப் பொதுக்களம்.

அங்கே தூறல் விழுந்தால், களத்தில் கிடப்பது யாருடையது என்று கேட்கும் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர் ஓடி அள்ளுவார். பரிமளா வெளியே போயிருந்த நேரம் மழை வந்தது. மருதாயி அள்ளினார். இரண்டையும், ஒரே தார்ப்பாயில்.

3

(மருதாயி வேண்டுமென்றே கலந்தார் என்றுதான் முதலில் எழுதினேன். கதைக்கு வசதி. அடித்துவிட்டேன்.)

"ஒரு கொட்டை நனையலத்தா," என்றார் மருதாயி. "என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒங்களதும் இதுலதானக்கா கெடக்கு?"

"பின்ன? என்னத நனையவிட்டு ஒன்னத மட்டும் அள்ளுறதுக்கு நான் அம்புட்டு நல்லவ இல்ல."

"பொறுக்கிப் பிரிக்க முடியுமாக்கா?"

மருதாயி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ரெண்டுலயும் பெருசும் இருக்கு, பொடிசும் இருக்கு. எத வச்சுப் பிரிக்க?"

பரிமளா நடந்ததைச் சொன்னதும், ஏற்றுமதி ஏஜெண்ட் ஆத்மநாதன் இலுப்பூரிலிருந்து போனில் சிரித்தார். "கையெழுத்தப் போடும்மா. ஊருப் பேரு சொல்ல கொட்டைக்கு வாயா இருக்கு?"

"எனக்கு இருக்குல்லண்ணே."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்குக் காலையில எனக்குப் பேப்பர் வேணும்."

4

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். சரக்கு போகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும்...

முடிவு இரண்டு: போடவில்லை. ஷெட் மூடுகிறது. மருதாயியால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. நல்லது செய்தவருக்கு இந்தத் தண்டனையைத் தர எனக்கு மனமில்லை.

முடிவு மூன்று: உலகத்தில் எங்கும் வரி இல்லை. கொட்டைக்கு ஊர் தேவையில்லை. ஒரே களம். (இதைத்தான் ஆசையாகத் தொடங்கினேன். இரண்டு பக்கம் தாண்டியதும், எங்கோ தொலைவில் மிகப் பெரிய ஷெட் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதில் பரிமளாவையும் மருதாயியையும் எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.)

5

ஆகவே அன்று சாயங்காலத்திலேயே நிற்கிறேன். வானம் மறுபடி இருட்டுகிறது. பரிமளாவின் மடியில் பேப்பர், கையில் பேனா. களத்தில் வேறு யாரோ புதிதாகக் கொட்டை காயப்போட்டிருக்கிறார்கள். முதல் துளி விழுகிறது. மருதாயி எழுந்து ஓடுகிறார். களத்தின் ஓரம் வரை போய் நின்றுவிடுகிறார்.

"ஏத்தா, இது யாரு கொட்டை?"

இந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதில்லை. நான் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

பரிமளா களத்தைப் பார்க்கிறாள். பேனாவின் மூடியை இன்னும் திறக்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், இருவருக்கும். யோசிக்க அதிக நேரம் இல்லை. கொட்டை நனைகிறது.