புகைபோக்கியில் வானம் தெரிந்தது

மலை வீட்டில் எங்கள் நாள் ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். முதல் வேலை இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து, இரவு மூடிவைத்த கனல் அணையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சிராய் போட்டு ஊத வேண்டும். அணைந்திருந்தால் என் கணவர் சேனாபதி எழுந்து வந்து, எத்தனை மணிக்கு எத்தனை கட்டை வைத்தாய் என்று கேட்பார். எனக்கு ஞாபகம் இருக்காது. அதனால் மாலை வகுப்புக்கு வாங்கிய நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதப் பழகினேன். இதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நோட்டில் ஒன்றும் இல்லை.

அடுத்தது தண்ணீர். கைப்பம்பின் கழுத்தில் வெந்நீர் ஊற்றினால்தான் உறைந்தது இளகும். நான்கு வாளி அடித்து உள்ளே கொண்டுவருவேன். பிறகு மகள் வான்மதியை அடுப்பு முன்னால் உட்காரவைத்து உடுப்பு மாற்றுவேன். அவளுக்கு நான்கு வயது. இட்லி மாவுப் பாத்திரம் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி இருக்கும். மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் பொங்கும். கரண்ட் இல்லை, போன் இல்லை. நியூ ஜெர்சியின் வடக்கு மூலையில் வேட்டைக்காரர்கள் கட்டி விட்டுப்போன இரண்டு அறை மரவீடு அது. எடிசனிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும்.

எடிசனில் எங்களுக்கு ஹீட்டர் உள்ள அபார்ட்மென்ட் இருந்தது. சேனாபதி மூன்று வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்கத்தில் இருந்த வருஷத்தை நான்கு இலக்கமாக மாற்றும் வேலை பார்த்தார். இரண்டாயிரம் பிறந்ததும் எதெல்லாம் நிற்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவர். கரண்டே வராது என்று நம்பிவிட்டார். க்ரீன் கார்டு வந்த அடுத்த மாதம் வேலையை விட்டு, தொண்ணூற்றொன்பது அக்டோபரில் எங்களை அந்த மலை வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் ஒன்று மட்டும் கேட்டேன். ஜனவரி முதல் தேதி ஒன்றும் ஆகவில்லையென்றால் எடிசனுக்குத் திரும்ப வேண்டும், செப்டம்பரில் வான்மதி அங்கே ஸ்கூலில் சேர வேண்டும். சரி என்று என் கையில் அடித்துச் சொன்னார்.

ஜனவரி முதல் தேதி பேட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"பிப்ரவரி இருபத்தொம்போது இருக்குது. லீப் இயர் கணக்கு பாதிப்பேருக்குத் தெரியாது," என்றார்.

பிப்ரவரிக்குக் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஜனவரிக் கடைசியில் அவர் தோட்ட விதைகளும் நாற்பது கோழிக்குஞ்சுகளும் ஏப்ரலுக்கு வரும்படி ஆர்டர் செய்துவிட்டு வந்தார். பாப்பாவுக்கு நானே பாடம் சொல்லிக்கொடுப்பேன் என்றார். எனக்கு மிஞ்சி இருந்தது செவ்வாய்தோறும் மாலை ஆங்கில வகுப்பு ஒன்றுதான். இருபது மைல் தள்ளி, கவுன்டி ஸ்கூலில். லைசென்ஸ் வாங்கியிருந்ததால் நானே ஓட்டிப்போவேன். அதையும் அவர் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"கரண்ட் கிரிட்டே போச்சுன்னா உன்ற டீச்சரு மெழுகுவத்தி வெச்சுத்தான் கிராமர் நடத்தோணும். போய்ட்டு வா, போய்ட்டு வா."

பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நோட்டில் இப்படி இருக்கிறது: இரண்டு மணி, வான்மதிக்கு எண்ணெய். இரண்டே முக்கால், அடுப்பு முன்னால் குளியல். மூன்றேகால், உள் அறை.

உள் அறை சின்னது. அவர் நவம்பரிலேயே ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, இடுக்குகளைப் பஞ்சால் அடைத்திருந்தார். ஈரத்தலையில் காற்று படக் கூடாது என்று கதவையும் சாத்தினேன். பழைய இரும்புச் சட்டியில் அடுப்பிலிருந்து கனலை அள்ளிவந்து சாம்பிராணி தூவி, அவளை மடியில் படுக்கவைத்து முடியை விரித்துப் புகை காட்டினேன். ஊரில் என் அம்மா எனக்குச் செய்தது. அங்கே ஓட்டு வீடு, புகை போன வழி யாருக்கும் தெரியாது. நல்ல வாசனை. வான்மதி கண் சொருகினாள். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு யாருக்குத்தான் தூக்கம் வராது? கட்டிலில் கிடத்திப் போர்த்தினேன். கனல் இன்னும் சிவப்பாக இருந்தது. சூடு வீணாக வேண்டாம் என்று சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். எனக்கும் தலைவலித்தது. குனிந்தே இருந்ததால் என்று நினைத்தேன்.

நான்கரைக்கு சேனாபதி விறகு பிளந்துவிட்டு வந்து பாப்பா எங்கே என்றார். குளித்த தூக்கம், எழுப்பாதீர்கள் என்றேன். அவர் எழுப்பவில்லை.

ஐந்து மணிக்கு வகுப்புக்குக் கிளம்பினேன். நோட்டு உள் அறையில் இருந்தது. எடுக்கப் போனபோது அவள் வாந்தி எடுத்துக் கிடந்தாள். கூப்பிட்டேன், அசைத்தேன். கழுத்து துணி மாதிரி தொங்கியது. நான் கத்தியதில் சேனாபதி ஓடிவந்து, பூட்ஸ் காலோடு அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்.

நான் உள்ளே திரும்பினேன். நோட்டில் இல்லாத இடம் இதுதான். சட்டியை எடுத்து, மிச்சக் கனலை அடுப்பில் கொட்டினேன். சட்டியைச் சாம்பலால் துடைத்து ஆணியில் மாட்டினேன். சாம்பிராணி டப்பாவைக் கோட் பையில் போட்டேன். கனல் கிடந்தால் வீடு பற்றிக்கொள்ளும் என்றுதான் செய்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு டப்பாவை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்ஸிஜன் மாட்டினார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு, கனலோ விறகோ அடைத்த இடத்தில் எரிந்தால் வரும் விஷவாயு என்றார் டாக்டர். அந்த வீட்டில் என்ன எரிப்பீர்கள் என்று கேட்டார். வழக்கமாக இங்கிலீஷில் சேனாபதிதான் பேசுவார். அன்று அவர் சுவரில் சாய்ந்து நின்றார், பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. வகுப்பில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது, புகைபோக்கியை என் கணவரே சுத்தம் செய்வார், ஜன்னல்களை அடைத்ததும் அவர்தான் என்று மூன்று முழு வாக்கியம் சொன்னேன். பிழை இல்லை. பொய்யும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி வீட்டைப் பார்த்தார். பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார், புகைபோக்கியில் கொஞ்சம் கரி இருந்ததைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சட்டியைப் பார்க்கவில்லை. குழந்தையை அங்கே வைத்திருக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார்.

அன்று ஆஸ்பத்திரிக்குக் காரில் திரும்பும்போது சேனாபதி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நானே ஏறிச் சுத்தம் பண்ணினேன், பிரியா. மொகம் பாக்கற கண்ணாடியப் பொகபோக்கிக்குக் கீழ வெச்சுப் பாத்தேன். வானம் தெரிஞ்சுது. நெசமாவே தெரிஞ்சுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"சரியாப் பாத்திருக்க மாட்டீங்க," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வானம் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் எடிசனுக்கு வந்துவிட்டோம். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. கரண்ட், வெந்நீர், நடந்துபோகிற தூரத்தில் ஸ்கூல். அவருக்குப் பழைய கம்பெனியிலேயே கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அபார்ட்மென்ட்டில் விஷவாயு வந்தால் கத்தும் அலாரம் மூன்று மாட்டியிருக்கிறார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமல் மூன்றையும் அழுத்திப் பார்ப்பார். ஹீட்டர் ஓடும்போதும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பார். வான்மதியை மடியில் வைத்துக்கொள்வதில்லை. அவள் தானாக வந்து ஏறினால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் அவ்வப்போது மாற்றிச் சொல்கிறாள். முன்பும் மாற்றிச் சொன்னாளா என்று நோட்டைப் புரட்டினேன். நான் விறகைத்தான் எழுதியிருக்கிறேன், அவளை எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஈரத்தலையோடு ஹாலுக்கு ஓடி வந்தவள், சோபாவில் இருந்த அப்பாவுக்கு முன்னால் என் மடியில் மல்லாந்து படுத்து முடியை விரித்துப்போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, ஐ வான்ட் த ஸ்மோக்."

சேனாபதி எழுந்தார். அவளையே பார்த்தார். இப்போது புரிந்துவிடும் என்று நினைத்தேன். புரிந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அந்த அடுப்புப் பொகை புள்ள மண்டைய விட்டு இன்னும் போகலையே, பிரியா," என்றார். "நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன் பாரு."

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாயை முழுவதும் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"ஸ்மோக் எல்லாம் இல்ல கண்ணு," என்று வான்மதியிடம் சொல்லிவிட்டு, ஹேர் டிரையரை பிளக்கில் சொருகினேன். அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. முடி பத்து நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.