சரன் கொந்தேயின் பெயர் காற்றில் நின்றது

மழைக்காலம் தொடங்கும் முன் சரன் கொந்தேயின் துணிக்கடை வாசல் தகரச் சாய்ப்பின் மேல் பெயர் பொருத்த ஒப்புக்கொண்டேன். அதுவரை எங்கள் கான்கான் நகரச் சந்தையில் நான் செய்த புடைப்பெழுத்தெல்லாம் பிரெஞ்சு. ஒவ்வோர் எழுத்தும் தனித் தகரப்பெட்டி; இரண்டு போல்ட்டில் நின்றுவிடும். சரன் கேட்டது என்கோ எழுத்து. அவளிடம் துணி வாங்கும் பெண்கள் மாலை வகுப்பில் படித்தது அதை மட்டுமே. எங்கள் மொழிக்கென்றே பிறந்த அந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அடியில் ஒரு கோடு எல்லாவற்றையும் கோத்துக்கொண்டே போகும். ஆகவே பெயர் முழுவதும் ஒரே துண்டு, இரண்டு ஆள் நீளம்.

"நாலா வெட்டி மாட்டிடறேன். இவ்வளவு பெரிய தகரம் புயல்ல சாய்ப்பையும் சேத்துப் பிடுங்கிட்டுப் போயிடும்," என்றேன்.

"முதல்ல உன்னை நாலா வெட்டிக்க, அப்புறம் என் பேரைத் தொடு," என்றாள் சரன். "காராமணி தின்னி! புயல்னா உன் வயித்துல இருக்கற காத்துதான்."

கொந்தே குலத்தாரும் எங்கள் திராவோரே குலத்தாரும் பரிகாச முறை; காராமணி தின்னி, அடிமை என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

"எங்க வீட்டு அடிமைப் பொண்ணுக்கு வாயப் பாரு," என்றான் என் கூட்டாளி நன்கமான், அவனும் திராவோரேதான்.

வெட்டாமலே ஏற்றினோம். எழுத்தைச் சாய்ப்புத் தகரத்தோடு ஒட்டி, வலப்பக்கத்திலிருந்து முடுக்கிக்கொண்டு வந்தோம். சின்னக் காற்றுதான் அடித்தது. சாய்ப்பு கொதிக்கும் பானையின் மூடியாகத் துள்ளியது. சரன் ஓடிவந்து அதன் கால்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டிடு," என்றாள் மெல்ல.

நான் ஏணியில் இருந்தேன். இடக்கோடியில் நன்கமான் இன்னும் நட்டை முடுக்கவில்லை; அங்கே மட்டும் எழுத்து சாய்ப்புத் தகரத்தைவிட்டுச் சாண் உயரம் தள்ளி நின்றது. அதன் கீழே சாய்ப்பு அசையவே இல்லை. காற்று புகுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"டேய், எதையும் முடுக்காதே!" என்று கத்தினேன். "தண்ணிக் குழாய் இருக்கா? சாண் சாணா அறுக்கணும்."

ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு குழாய்த்துண்டைக் கோத்து, பெயரை அந்தரத்தில் நிறுத்தினோம்.

மறுநாள் பிற்பகல் கிழக்கே வானம் செம்மண் நிறமானது. புழுதி எழுந்து சந்தையை விழுங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன. எதிர்க்கடைப் பலகை பட்டம்போல் மாமரத்துக்கு மேல் பறந்தது. நான் மருந்துக்கடை வாசலில் ஒட்டி நின்றபடி அந்த ஒரு சாய்ப்பையே பார்த்தேன். புழுதிக்குள் பெயர் மறைந்தது, தெரிந்தது, மறைந்தது. பிறகு ஒரு சத்தம். ஆழமான, ஒரே சீரான ரீங்காரம். எழுத்துகளுக்குப் பின்னால் நுழைந்த காற்று கோடு முழுவதும் ஓடி வெளியேறியது.

மழை கொட்டியதும் புழுதி அமிழ்ந்தது. சரன் கொந்தே முழுதாக நின்றாள், மேலேயும் கீழேயும். கீழே நின்றவள் சாய்ப்பின் கால்கம்பத்தில் உள்ளங்கையைப் பதித்திருந்தாள்.

"லான்சினே, வா. இதுல கைய வையேன்," என்றாள்.

வைத்தேன். மூச்சுவிடும் மாட்டின் விலாவைப்போல் இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. மழை நிற்கும்வரை நாங்கள் கையை எடுக்கவில்லை.