ஜெத்ரோ வாசித்த காதல் கவிதை

நெசவாலையில் தறி ஓட்டும் டார்கஸுக்கு ஒரே தங்கை, லெட்டி. தாய் போன பிறகு இவளே தூக்கி வளர்த்த பிள்ளை. வசந்தம் வந்தால் லெட்டிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெத்ரோ, இங்கிலாந்தின் லங்காஷயரில் அந்தப் பள்ளத்தாக்குக்கே பெரிய துணிக்கடைக்காரன். குடிக்கமாட்டான், குரல் உயர்த்திப் பேசமாட்டான், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கு வராமல் இருக்கமாட்டான். லெட்டிக்கு அடித்தது யோகம் என்று ஊரே சொன்னது. டார்கஸுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. தறிச் சத்தம் உன் காதைக் கெடுக்கும் என்று சொல்லி அக்காவோடு தறி ஓட்டிக்கொண்டிருந்த லெட்டியை முதலில் ஆலை வேலையை விடச் சொன்னான். அப்புறம் தொண்டை நோகும் என்று பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினான். தோழிகளோடு பேசினால் களைத்துப் போகிறாயே என்று இப்போது அதற்கும் தடை போட ஆரம்பித்திருந்தான். ஒவ்வொன்றையும் லெட்டி பூரித்துப் போய் வந்து சொன்னாள். இது நல்லதுக்கில்லை என்று டார்கஸ் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"உனக்குப் பொறாமை, அக்கா. உன்னை இப்படித் தாங்க ஒருத்தரும் வரலையே, அதான்."

பேச்சில் ஏறாததைக் கவிதையில் சொல்ல டார்கஸ் எழுத உட்கார்ந்தாள்.

அந்த ஊர் நெசவுக்காரர்களுக்குக் கவிதை கட்டும் பழக்கம் உண்டு. தறி போடும் தாளத்திலேயே மனசுக்குள் அடிகளைக் கோத்து, வீட்டுக்கு வந்து எழுதி வைப்பார்கள். குளிர்காலச் சனிக்கிழமை மாலைகளில் ஜெபவீட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பென்னி கொடுத்து உள்ளே போனால் பாட்டு, வாசிப்பு, சூடான தேநீர். ஊர்க்காரர் எழுதியதைப் பேர் சொல்லாமல் வாசிப்பது அங்கே வழக்கம்.

டார்கஸ் ஒரு காதலனே பேசுவதாக எழுதினாள். முதலில் அவனைப் பல்லைக் கடிக்கும் அரக்கனாக்கினாள். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. இந்த அரக்கனில் எந்தப் பெண் தன் ஆளை அடையாளம் காணப்போகிறாள்? காகிதம் அடுப்புக்குப் போயிற்று. அதன்பிறகுதான் அவள் வெளியே நின்று திட்டுவதை விட்டுவிட்டு, அவன் தலைக்குள்ளேயே போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் இருந்தது. அவன் அன்பு பொய்யில்லை. எழுதும்போது அவனுக்காகவே அவள் அழுதாள். தனக்குப் பித்து என்று அவனுக்குத் தெரியாது. கவிதையும் ஓரிடத்தில்கூட அதைச் சொல்லவில்லை. என்ன அடக்கம் பாருங்கள். கோபத்தில் ஒரு வசைச்சொல் விழுந்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். நானாயிருந்தால் நாலு போட்டிருப்பேன்.

ஜெத்ரோதான் இதை வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டாள். ஊரிலேயே நல்ல குரல் அவனுக்குத்தான், போதகரும் சரியென்றார். எழுதியது யார் என்று அவனுக்குத் தெரியாது. கவிதை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போய், கடையில் துணி அளக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தானாம்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. லெட்டி முன்வரிசையில் இருந்தாள். மேடையில் ஓரமாகப் பாடகர் குழுவோடு டார்கஸ் நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, ஜெத்ரோ உருகி உருகித்தான் வாசித்தான்.

"ஜன்னலை அடைத்தேன், வெயில் உன் கண்ணைச் சுடாதிருக்க.
செருப்பை ஒளித்தேன், கல் உன் காலைக் குத்தாதிருக்க.
பாடாதே என்றேன், உன் தொண்டை நோகாதிருக்க.
இப்போது நீ எதுவுமே கேட்பதில்லை, கண்ணே.
எவ்வளவு நிம்மதி நமக்கு."

யாரும் கைதட்டவில்லை. தொண்டை என்ற சொல் வந்தபோது லெட்டி நிமிர்ந்ததை டார்கஸ் பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரி ஹெப்சி மெல்லக் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு உசுரோட இருக்காளா இல்லையா?"

ஜெத்ரோ நிஜமாகவே குழம்பிப் போனான். "அவளுக்கு என்னம்மா குறை? ஒருத்தன் நேசிச்சா இப்படில்ல நேசிக்கணும்" என்று சொல்லி, முன்வரிசையைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தான்.

லெட்டி சிரிக்கவில்லை.

அடுத்தது குழுப்பாட்டு. நாற்காலிகள் இழுபட்ட இரைச்சலில் லெட்டி எழுந்து அக்காவைப் பார்த்தாள். தறிகளின் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் ஆலைப்பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். கடைக்காரனுக்கு அந்தப் பாஷை தெரியாது. லெட்டியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"அக்கா, எனக்கு இடம் இருக்கா?"

அவள் மேடைப் பக்கம் நடப்பதைப் பார்த்த ஜெத்ரோ, வேண்டாம் என்று அன்பாகத் தலையசைத்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். லெட்டி அதைப் பார்த்துவிட்டுத்தான் படியேறினாள்.

டார்கஸ் நகர்ந்து இடம் விட்டாள்.