கழுத்தளவு

லைல் பிராண்ட்வோல்டின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பதை ராணுவம் ஒரு டேப்பை வைத்துச் சொல்லிவிடும். தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி ஓர் அளவு, குரல்வளைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி இன்னோர் அளவு. வயிற்றிலிருந்து கழுத்தைக் கழித்து, உயரத்தோடு சேர்த்து அட்டவணையில் பார்த்தால் ஒரு சதவீதம் வரும். முப்பத்தாறு வயதுக்காரனுக்கு இருபத்துநாலு வரை விடுவார்கள். லைலுக்குச் செப்டம்பரில் இருபத்தாறு வந்தது. டிசம்பரிலும் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீடு என்று காகிதத்தில் இருந்தது வடக்கு டகோடாவில் ஓர் ஊர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கிருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பதினாலு வருடமாக அவனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றால் அது முகாம்களில்தான். அதுவும் சட்டையில் தைத்திருந்ததைப் படித்து.

பக்கத்துக் கம்பெனி சார்ஜென்ட் ஓடெல் பெட்வே மட்டும் படிக்காமலே கூப்பிடுவான். அவனும் ஒவ்வொரு தடவையும் எடை கூடுதல்தான். ஆனால் எருதுக் கழுத்து. டேப் போட்டால் தேறிவிடுவான். செப்டம்பர் அளவெடுப்பு முடிந்த அன்று சாமான் கிடங்கின் கம்பி வலை மேல் சாய்ந்துகொண்டு சொன்னான்:

“ஓடு, வேணாங்கல. ஆனா இரும்பையும் தூக்குடா. பட்டினி கெடந்து ஓடினா கொழுப்பு மட்டுமா போகும்? சதையும் சேந்து போயிடும். அப்புறம் கோழிக் கழுத்தோட வந்து நிப்ப.”

“தூக்கினா எடை ஏறும். எனக்கு எறங்கணும். நூத்தி எண்பத்தொம்பதுக்குக் கீழ வந்துட்டா டேப்பே எடுக்க மாட்டாங்க.”

“இருபத்தஞ்சு பவுண்டு. மூணு மாசத்துல. எலும்பையும் கழட்டி வச்சிட்டுப் போகப் போறியா?”

“பாக்கலாம்.”

“காலையில அஞ்சரைக்கு ஜிம்முல இருப்பேன். வந்து தொலை.”

ஒரு நாள் போனான். கதவு வரைக்கும். உள்ளே எல்லோரும் இரண்டிரண்டு பேராக இருந்தார்கள். ஒருவன் பெஞ்சில் மல்லாந்து கம்பியைத் தூக்க, இன்னொருவன் தலைமாட்டில் நின்று, விழுந்தால் பிடிக்கக் கையை அடியில் வைத்திருந்தான். பெட்வே யாரோ ஒருத்தனின் தலைமாட்டில் நின்று, “இன்னும் ஒண்ணு! பாட்டிகூடத் தூக்குவா!” என்று கத்திக்கொண்டிருந்தான். லைல் கதவைச் சாத்திவிட்டுச் சாலைக்குப் போனான்.

ஓடுவதற்கு யாரும் தேவையில்லை. கான்ஸஸ் புல்வெளியில் காற்று மட்டும் எதிரே வரும். ஆறு மைல், பிறகு எட்டு. வேகவைத்த கோழி, முட்டை வெள்ளை, இலைகள். காலையில் அறையில் தராசு மேல் ஏறி நிற்பான். எண் இறங்கியிருக்கும். கேட்டதற்கு உடனே பதில் சொல்கிற ஒன்று அந்த அறையில் இருந்தது. சில நாள் இரண்டு முறை ஏறினான்.

நவம்பரில் சட்டைக் காலர் தளர்ந்தது. மேல் பொத்தானைப் போட்ட பிறகும் இரண்டு விரல் உள்ளே போயின. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் அளவெடுப்பில் வரிசையாக நின்றவர்களில் ஒருவன் வியர்த்து இளைக்க வேண்டும் என்று இரவெல்லாம் வயிற்றில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தான். மடிப்புகளின் தடம் இன்னும் தெரிந்தது. லைலின் எடை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மூன்று பவுண்டு அதிகம். டேப்பை எடுத்தார்கள்.

மருத்துவப் பிரிவு சார்ஜென்ட் கிரோகா அளந்தாள். இன்னொருவன் எழுதினான்.

“தோளத் தூக்காதீங்க, சார்ஜென்ட்.”

“தூக்கல.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. மூச்ச விடுங்க.”

வயிறு முப்பத்தெட்டு. இரண்டு அங்குலம் போயிருந்தது. கழுத்து பதினாலரை. மூன்று முறை அளக்க வேண்டும் என்பது விதி. அவள் நான்காவது முறையும் சுற்றிப் பார்த்தாள். அதே பதினாலரை.

“செப்டம்பர்ல பதினாறுன்னு போட்டிருக்கு. ஒடம்புக்கு ஏதாவதா?”

“இல்ல. ஓடினேன்.”

அவள் அட்டவணையைப் பார்த்தாள். எழுதுகிறவனிடம் எண்ணைச் சொல்லாமல் விரலால் காட்டினாள். இருபத்தைந்து.

“அந்தப் பழைய கழுத்து இருந்திருந்தா தேறியிருப்பீங்க,” என்றாள். சொன்னதும், சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல டேப்பைச் சுருட்டினாள்.

வெளியே பெட்வே காத்திருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

“எவ்வளவு?”

“ஒரு சதவீதம் கூடிப்போச்சு.”

“வயிறா?”

“கழுத்து.”

பெட்வே தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். “சொன்னேன்ல. வாரத்துக்கு மூணு நாள் இரும்பத் தொட்டிருந்தா போதும். எத்தன தடவ கூப்பிட்டேன்! அஞ்சரைக்கு எந்திரிக்கக் கசக்குதா ஒனக்கு? நாலரைக்கே எந்திரிச்சு ஓடுறவன்தானடா நீ.”

வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“தலைமாட்டுல ஒரு ஆள் நிக்கணும்ல,” என்றான் லைல்.

“ஆமா. அதுக்கென்ன?”

“நிக்கச் சொல்லி ஒருத்தனக் கேக்கணும்.”

பெட்வே அவனைப் பார்த்தான். வாய்க்கு வந்த கேலியை விழுங்கியது தெரிந்தது. “நான்தான்டா இருந்தேன் அங்க.”

“இருந்த. வேற ஒருத்தனுக்கு நின்னுட்டிருந்த.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“சொல்லியிருக்கலாம்,” என்றான் லைல். இத்தனை சின்ன விஷயமா அது என்று அவனுக்கே இருந்தது. மூன்று மாதம், எட்டு எட்டு மைலாக, அந்த ஒரு வார்த்தையை விட்டுத்தான் விலகி ஓடியிருக்கிறான்.

பெட்வேயின் கம்பெனியில் விசில் அடித்தார்கள். “சாயங்காலம் வரேன். எங்கயும் போயிடாத,” என்று சொல்லிவிட்டு ஓடினான். அந்தப் பெரிய உடம்பு இவ்வளவு வேகமாக ஓடும் என்று லைல் நினைத்ததில்லை.

உணவுக்கூடத்தில் காலைச் சாப்பாடு முடியும் நேரம். லைல் தட்டை நீட்டினான். பரிமாறுகிறவர் பழக்கத்தில் முட்டை வெள்ளைப் பக்கம் கரண்டியைக் கொண்டுபோனார்.

“அது வேணாம். பிஸ்கட் வைங்க. மேல கிரேவி.”

“அட! டேப் முடிஞ்சுதா, சார்ஜென்ட்?”

“முடிஞ்சுது.”

“தேறிட்டீங்களா?”

லைல் தட்டைப் பார்த்தான். மாவும் கொழுப்புமாக வெள்ளைக் கிரேவி அந்த மெத்தென்ற ரொட்டி பிஸ்கட்டைச் சுற்றி மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றான்.

நாலு பேர் உட்காரும் மேஜை ஒன்றில் போய் உட்கார்ந்தான். பாதிகூட இறங்கவில்லை. வயிறு சுருங்கிப்போயிருந்தது.